பட்டறையில் பயிலும் ஆசிரியர்



கொல்லன் பட்டறையை உங்களில் சிலரேனும் பார்த்திருக்கக்கூடும். ஒருபுறம் உலை, அதன் அருகே துருத்தி, நடுவில் இரும்பை வைத்து அடிக்கும் கல். தொழில் பயில வரும் சிறுவன் முதலில் துருத்தி ஊதுகிறான். பிறகு குறடு பிடிக்கிறான். அதன் பிறகே சம்மட்டியை எடுக்கிறான். இரும்பு எந்த நிறம் அடையும்போது அடிக்கவேண்டும் என்பதைப் பற்றி அவனுக்கு யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. அவன் நேரம் தவறி அடித்தால் இரும்பு வளைவதில்லை. பெரியவர் அவன் கையை நிறுத்துகிறார். இரும்பை மீண்டும் உலையில் இடுகிறார். மறுபடி அடிக்கச் சொல்கிறார். இவ்வாறு செய்து, தவறித் திருத்தப்பெற்றுத் தேர்ச்சியடையும் இடமே பட்டறை.

இந்த அருமையான சொல்லைக் கல்வித் துறையினரும் எடுத்துக்கொண்டிருக்கின்றனர். 'ஆசிரியர் பயிற்சிப் பட்டறை' என்று எழுதிய பதாகை பள்ளி வாயிலில் தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால் உலையும் இல்லை, சம்மட்டியும் இல்லை. ஒருவர் மேடையில் நின்று பேசுவார். நூறு பேர் குறிப்பெடுப்பர். மாலையில் சான்றிதழ் வழங்கப்பெறும். அது கூட்டமாக இருக்கலாம், பட்டறை ஆகாது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு உண்மையான பட்டறை எப்படி அமையவேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

'ஆசிரியர் பெறும் பயிற்சியைப் பற்றி எங்களுக்கு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தப் பயிற்சியின் பயனையோ பயனின்மையையோ நாள்தோறும் அனுபவிப்பவர்கள் நீங்களே. உங்களுள் சிலர் நாளை ஆசிரியர் ஆகப்போகிறவர்கள். மேலும், பிறமொழியைக் கற்பிக்கக் கற்பவர் எந்த வழியில் தேறுகிறாரோ, அந்த வழி அம்மொழியைக் கற்கும் உங்களுக்கும் உதவும்.

ஆங்கிலம் நமக்கு வீட்டு மொழி அன்று. கணக்கில் ஐயம் வந்தால் கடைத்தெருவில் தீர்த்துக்கொள்ளலாம். தமிழ் நாற்புறமும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. சிற்றூர் மாணவன் ஒருவனுக்கோ ஆங்கிலம் உயிருடன் பழகும் இடம் பெரும்பாலும் வகுப்பறை ஒன்றே. அங்கே நாற்பது நிமிடம் பாடம், ஐம்பது மாணவர்கள். ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் பாடவேளை முழுவதையும் மாணவர்க்கே பகிர்ந்தளித்தாலும், ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் ஆளுக்கு 48 வினாடியே கிடைக்கும். ஆசிரியர் அரைமணி நேரம் விளக்கவுரை ஆற்றினாலோ, எஞ்சுவது 12 வினாடி. இந்த எளிய கணக்கை நான் ஆசிரியனாகி ஆறு ஆண்டுகள் வரை போட்டுப் பார்த்ததில்லை. அதைப் போட்டுப் பார்க்கவைத்தது ஒரு பட்டறைதான்.

அதைக் கூறுமுன், இத்தகைய பயிற்சி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பிப்பது ஒரு தனிக் கலை என்பதை நிலைநாட்டிய முன்னோடிகள் சிலர், இங்கிலாந்தை விட்டு வெகுதொலைவில் பணிபுரிந்தவர்கள். ஹெரால்டு பால்மர் என்பார் 1922இல் ஜப்பான் சென்றார்; மறு ஆண்டே ஆங்கிலம் கற்பித்தலை ஆராயும் நிலையம் ஒன்று டோக்கியோவில் அவர் தலைமையில் உருவாயிற்று. மைக்கேல் வெஸ்ட் என்பார் வங்காளத்தில், டாக்கா நகரில், ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். நம் நாட்டு மாணவனுக்கு முதலில் எந்தச் சொற்கள் தேவை என்று எண்ணிப் பார்த்துப் பாடநூல்கள் இயற்றியவர் அவர். ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் கொண்ட அவருடைய பட்டியல் 1953இல் வெளியாயிற்று.

விடுதலைக்குப் பின் 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிலையம் நிறுவப்பட்டது. 2007இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தென்மாநிலங்களின் ஆசிரியர்களுக்கென்று பெங்களூரில் 1963இல் வட்டார நிலையம் ஒன்று எழுந்தது. இதற்கிடையே இலண்டனில் 1962இல் ஜான் ஹேகிராஃப்ட் என்பார் இரண்டே வாரம் நடக்கும் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பயில வருவோர் விரைவிலேயே உண்மையான மாணவர்முன் நின்று பாடம் நடத்தவேண்டும் என்பது அதன் சிறப்பு. அவ்வழியில் வளர்ந்து இன்று உலகெங்கும் நடைபெறும் சான்றிதழ்ப் பயிற்சியில், ஒவ்வொருவரும் ஆறு மணி நேரமேனும் பிறர் பார்த்திருக்க வகுப்பு நடத்தியாகவேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலோ, 1963 அளவில் 'நுண்ணிலைக் கற்பித்தல்' என்னும் முறை தோன்றிற்று. சிறு பாடம், சில நிமிடங்கள், சில மாணவர், நடத்தி முடித்ததும் குறைநிறை ஆய்வு, உடனே அதே பாடத்தை மறுபடி நடத்துதல். கொல்லன் இரும்பை மீண்டும் உலையில் இடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை அன்றோ?

இனி என் கதைக்கு வருகிறேன். பி.எட். பட்டம் பெற்று, கற்பிக்கும் முறைகளையெல்லாம் தேர்வில் எழுதி, ஆறு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியனாகப் பணிபுரிந்தபின், ஒரு கோடைவிடுமுறையில் பத்துநாள் பயிற்சிக்கு அனுப்பப்பட்டேன். வேண்டாவெறுப்பாகவே சென்றேன். முதல்நாள் காலையில் பயிற்சியாளர் உள்ளே வந்தார். வங்காள மொழியில் பேசத் தொடங்கினார். எங்கள் முப்பது பேரில் ஒருவருக்கும் அம்மொழி தெரியாது. கையில் ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டி ஏதோ சொன்னார். புத்தகத்திற்கு அவர்கள் வழங்கும் சொல் என் செவிக்குப் 'பொய்' என்றே கேட்டது. பிறகு மடமடவென்று நாலைந்து வாக்கியங்கள். இறுதியில் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி. அவர் முகக்குறிப்பிலிருந்து, 'புரிந்ததா?' என்பதே கேள்வி என்று ஊகித்தேன். தலையை ஆட்டினேன். என் அருகில் இருந்தவரும் ஆட்டினார். முப்பது தலைகளும் ஆடின.

அவர் உடனே என்னைச் சுட்டி எழுப்பி, எதையோ செய்யச் சொன்னார். எனக்கு வியர்த்துவிட்டது. நின்றபடியே விழித்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தக் கணத்தில் என் எட்டாம் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த சிறுவர்களின் முகங்கள் என் கண்முன் வந்தன. 'புரிந்ததா?' என்று நான் ஆறு ஆண்டுகளாகக் கேட்டு வந்தேன். அவர்கள் ஆறு ஆண்டுகளாகத் தலையசைத்து வந்தார்கள். அந்தத் தலையசைப்பு அறிவின் அடையாளம் அன்று, அச்சத்தின் அடையாளம் என்பதை ஒரு நிமிடத்தில் அறிந்துகொண்டேன்.

மறுநாள் அதே வங்காளப் பாடத்தை அவர் வேறு முறையில் நடத்தினார். ஒரு சொல், ஒரு பொருள், ஒரு செயல். அவர் எழுந்து காட்டினார், நாங்கள் எழுந்தோம். பலமுறை கேட்டபின்பே எங்களைச் சொல்லவிட்டார். முதலில் அனைவரும் சேர்ந்து, பிறகு இருவர் இருவராக, அதன் பின்னரே தனித்தனியாக. இருபது நிமிடத்தில் எங்களால் ஐந்தாறு கட்டளைகளைப் புரிந்துகொள்ளவும் பிறர்க்கு இடவும் முடிந்தது. பாடமும் ஒன்று, ஆசிரியரும் ஒருவர். கற்பித்த முறை ஒன்றே மாறியிருந்தது.

பிறகு எங்கள் முறை வந்தது. ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பாடம் நடத்தவேண்டும்; அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மாணவராக வந்திருந்தனர். அருகில் உள்ளதைச் சுட்டும் 'திஸ்', தொலைவில் உள்ளதைச் சுட்டும் 'தட்' ஆகிய இரு சொற்களே என் பாடம். நான் நடத்தி முடித்ததும், கைக்கடிகாரத்துடன் அமர்ந்திருந்த தோழர் ஒருவர் கணக்கை வாசித்தார். பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் நானே பேசியிருந்தேன். பிள்ளைகளின் கையில் ஒரு பொருளும் கொடுக்கவில்லை. 'தட்' என்று சொன்னபோது என் கையிலிருந்த பேனாவையே காட்டியிருந்தேன்! இலக்கணம் அறிந்தவன்தான்; ஆனால் என் வாயும் கையும் வெவ்வேறு வழியில் சென்றதை நானாக ஒருபோதும் கண்டிருக்கமாட்டேன். மறுநாள் மீண்டும் நடத்தினேன். பொருள்களைப் பிள்ளைகளிடமே கொடுத்து, ஒருவர் கையிலிருப்பதையும் அறையின் மறுகோடியில் இருப்பதையும் மாறிமாறிக் கேட்கச் செய்தேன். அன்று நான் பேசியது மூன்று நிமிடத்திற்கும் குறைவு.

அங்குக் கற்ற சிறு நுட்பங்கள் இரண்டினைச் சொல்கிறேன். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத் தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' என்றே அமையும். வல்லொலியையும் மெல்லொலியையும் நம் எழுத்து வேறு பிரித்துக் காட்டுவதில்லை. ஆதலால் நம் மாணவர்க்கு இங்கே மயக்கம் உண்டாகிறது. 'சரியாகச் சொல்' என்று அதட்டுவதால் பயனில்லை. ஒரு மெல்லிய தாளை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். குண்டூசிக்குரிய சொல்லை ஆங்கிலேயர் ஒலிக்கும்போது முதல் ஒலியில் மூச்சு வெடித்து வெளிப்படும், தாள் அசையும். தொட்டிக்குரிய சொல்லில் தாள் ஏறக்குறைய அசையாது. விளக்கம் வேண்டாம், தாளே ஆசிரியராகிவிடுகிறது.

மற்றொன்று, 'புரிந்ததா?' என்னும் கேள்விக்கு மாற்று. 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை' என்று ஒரு வாக்கியம். முன்னாளில் மதுரையில் வசித்தேன், இப்போது அங்கு இல்லை என்பது பொருள். மாணவர் இதனை உணர்ந்தனரா என்று அறிய, 'இவர் முன்பு மதுரையில் இருந்தாரா? இன்றும் இருக்கிறாரா?' என்று இரு சிறு கேள்விகள் கேட்டால் போதும். தலையாட்டித் தப்பிக்க இடமில்லை. அதே சமயம் தெரியாதவனை நாணச் செய்வதும் இல்லை. இத்தகைய கேள்விகளைப் பாடத்திற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள எங்களைப் பழக்கினார்கள்.

இவ்வளவும் கற்று வந்த நான் பின்னாளில் தலைமையாசிரியனானேன். அப்போது நான் செய்த பிழையை மறைக்காமல் கூறவேண்டும். என் பள்ளியின் ஆங்கில ஆசிரியை ஒருவர் இத்தகைய பயிற்சிக்குச் சென்று திரும்பினார். மாணவர்களை இருவர் இருவராக அமர்த்திப் பேசப் பழக்கினார். பத்து நிமிடம் அவ்வாறு பழகினால் ஒவ்வொருவர்க்கும் ஐந்து நிமிடம் பேச வாய்ப்புண்டு. 12 வினாடி எங்கே, ஐந்து நிமிடம் எங்கே! ஆனால் ஐம்பது பேர் ஒருங்கே பேசினால் ஓசை எழத்தானே செய்யும்? அடுத்த வகுப்பிலிருந்து முறையீடு வந்தது. அதிகாரிகள் பார்வையிட வரும் வாரம் அது. நான் அவரை அழைத்து, 'வகுப்பா, சந்தைக்கடையா, அம்மா?' என்று கேட்டுவிட்டேன். 'சரி, ஐயா' என்று மட்டும் கூறிச் சென்றார். மறுநாள் முதல் அந்த வகுப்பு அமைதியாயிற்று. எனக்கும் நிம்மதியாயிற்று.

ஆண்டின் இறுதியில் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்த அந்த வகுப்பு மாணவர்களிடம் ஆங்கிலத்தில் அன்பாக இரண்டு கேள்வி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் சென்றபின் அந்த ஆசிரியையிடம் காரணம் கேட்டேன். 'பேசும் பழக்கத்தை நாம் நிறுத்திவிட்டோமே, ஐயா' என்றார். 'நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்' என்று அவர் கூறவில்லை, 'நாம்' என்றார். கடுஞ்சொல்லால் கூறியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. வங்காளப் பாடத்தில் நான் பெற்ற அறிவு, தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்ததும் எங்கே போயிற்று?

அடுத்த சூன் மாதத்தில் பாடவேளை அட்டவணையை மாற்றினேன். பேச்சுப் பயிற்சிக்கென்று கோடியில் இருந்த அறையை ஒதுக்கினோம். வாரத்தில் ஒரு பாடவேளை ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரின் வகுப்பில் பின்னால் அமர்ந்து பார்ப்பதென ஏற்பாடு செய்தோம். குறை கூறுவதற்காக அன்று. பார்த்தவர் பார்த்ததைச் சொல்வார், நடத்தியவர் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வார். முதல் வகுப்பை நானே நடத்தினேன்; பின்வரிசையில் கடிகாரத்துடன் அமர்ந்தவர் அந்த ஆசிரியை. ஆண்டுகள் பல கடந்தும் நான் அதிகமாகவே பேசினேன் என்பதை அவர் மரியாதையுடன் தெரிவித்தார்.

என் பிழை தனியொருவனின் பிழை மட்டும் அன்று. பயிற்சித் திட்டங்கள் பல தளர்வதும் இந்த இடத்திலேதான். 1950களின் இறுதியிலும் அதனை அடுத்தும், அன்றைய சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் மாபெரும் முயற்சி ஒன்று நடைபெற்றது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு, வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகப் பழக்கும் புதிய முறையில் பயிற்சி அளிப்பது நோக்கம். அத்தனை பேரையும் நேரே பயிற்றுவிப்பது எப்படி? முதலில் சிலர்க்குப் பயிற்சி, அவர்கள் பலர்க்கு, அப்பலர் மேலும் பலர்க்கு. பனிச்சரிவில் உருட்டிய உருண்டை உருள உருளப் பெருப்பதைப்போல இது வளரும் என்று கருதி, 'சென்னைப் பனியுருண்டை' என்றே இதற்குப் பெயர் வழங்கிற்று. 1962இல் வெளிவந்த கட்டுரை ஒன்றும் அப்பெயரையே தலைப்பாகக் கொண்டது.

பரந்த நாட்டில் இத்தகைய திட்டம் இன்றியமையாதது. அதனை எளிதில் பழித்துவிட முடியாது. ஆயினும் நம் ஊர் வெயிலில் பனி உருகும் என்பதையும் மறத்தலாகாது. முதற்படியில் செய்து காட்டப்பட்டது, இரண்டாம் படியில் சொல்லிக் காட்டப்படுகிறது. மூன்றாம் படியில் குறிப்பேட்டிலிருந்து படித்துக் காட்டப்படுகிறது. சொற்கள் கடைசி ஆசிரியர்வரை வந்து சேர்கின்றன. செயல் வழியிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவேதான், 1980இல் அமெரிக்க ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய இருவரும் பணியிடைப் பயிற்சிக்கு ஐந்து உறுப்புகளை எடுத்துரைத்தனர். கொள்கையை விளக்குதல், செய்து காட்டுதல், செய்து பழகுதல், குறைநிறை கூறுதல், வகுப்பறைக்கே வந்து துணைநிற்றல் என்பன அவை. நாம் பெரும்பாலும் முதலாவதுடன் நின்றுவிடுகிறோம். ஐந்தாவதோ அரிதினும் அரிது.

செய்து காட்டும் துணிவுக்கு நம்மவர் ஒருவரையே சான்றாகக் கூறலாம். பெங்களூர் வட்டார நிலையத்தைச் சார்ந்து, என். எஸ். பிரபு என்னும் அறிஞர் 1979 முதல் 1984 வரை ஒரு புதிய முறையை ஆராய்ந்தார். இலக்கணத்தை வரிசையாகக் கற்பிக்காமல், இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றைக் கொடுத்துக் கணக்கும் விடையும் காணச் செய்தால், சிந்தனை செல்லும் வழியிலேயே மொழியும் வளரும் என்பது அவர் கருத்து. அந்த முயற்சியில் ஈடுபட்டோர் அறையில் அமர்ந்து வாதிட்டதோடு நின்றுவிடவில்லை. பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளி வகுப்புகளுக்குச் சென்று, நாள்தோறும் பாடம் நடத்திப் பார்த்தனர். அம்முறையைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பிறர்க்கு உபதேசிக்கும் முறையைத் தானே மாணவர்முன் நின்று சோதிக்கவேண்டும் என்னும் நெறியில் யாருக்கும் வேறுபாடு இருக்கமுடியாது.

மாணவச் செல்வங்களே, இறுதியாக உங்களிடம் சில வேண்டுகோள்கள். புரியாதபோது தலையசைக்காதீர்கள். 'ஐயா, மறுமுறை சொல்லுங்கள்' என்று எழுந்து கேட்கும் மாணவன் தன்னோடு, தலையாட்டிய முப்பது பேரையும் காப்பாற்றுகிறான். உங்கள் ஆசிரியர் ஒரு நாள் பாடநூலை மூடிவிட்டு, உங்களை இருவர் இருவராகப் பேசச் சொன்னால், அதனை விளையாட்டு நேரம் என்று எண்ணிக் கூச்சலிடாதீர்கள். உங்கள் ஓசைக்காக அவர் மேலிடத்திற்கு விடை சொல்ல நேரலாம். உங்களுக்காகவே அந்தத் துணிவை அவர் மேற்கொள்கிறார். வகுப்பில் அவ்வாய்ப்பு இல்லையேல், நண்பர் ஒருவருடன் நாள்தோறும் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பழகுங்கள். தவறினால் திருத்திக்கொண்டு மறுபடி சொல்லுங்கள். அதற்குப் பதாகையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

உங்களுள் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள் பயிற்சிக்குச் செல்லும்போது, குறிப்பேட்டை நிரப்பிக்கொண்டு திரும்புவதோடு அமையாதீர்கள். 'நான் ஒருமுறை நடத்துகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். உங்களுள் தலைமையாசிரியராகவும் ஆகப்போகிறவர் யாரேனும் இருந்தால், பயிற்சி பெற்றுத் திரும்பிய ஆசிரியரின் வகுப்பிலிருந்து ஓசை எழும்போது அவரைத் தம் அறைக்கு அழைக்கவேண்டாம். தாமே எழுந்து அவ்வகுப்பிற்குச் சென்று, பின்வரிசையில் சிறிது நேரம் அமர்ந்து கேட்கட்டும்.